கால்நடை ஆராய்ச்சியில் போட்ட பணம் பலன் தந்ததா? கணக்குப் போடும் முறை, படிப்படியாக

புதிய தடுப்பூசியோ, தீவனப்புல் ரகமோ, இனப்பெருக்கத் திட்டமோ, ஆராய்ச்சி முடிந்ததும் நிதி கொடுத்தவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: போட்ட பணத்துக்கு என்ன கிடைத்தது? பதிலும் பெரும்பாலும் ஒரே எண்ணாக வருகிறது. "ஒரு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய்" என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எப்படி வந்தது என்று தோண்டினால், முக்கால்வாசி ஏதோ ஒரு அனுமானத்தில் உட்கார்ந்திருக்கும்.

வேளாண் ஆராய்ச்சியின் பலனை முறையாகக் கணக்கிடும் வழக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ். 1958இல் அமெரிக்காவின் கலப்பின மக்காச்சோளத்துக்குக் கணக்குப் போட்டார். அதிலிருந்து எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஆண்டுக்கு 700 சதவீதம் என்ற எண்ணை. அதே கட்டுரையில் இன்னொரு அளவுகோலின்படி அவர் தந்த வீதம் 35 முதல் 40 சதவீதம்தான். ஒரே ஆராய்ச்சி, ஒரே தரவு, இரண்டு எண்கள். எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பதைவிட எதை அளந்தோம் என்று சொல்வதுதான் முக்கியம்.

கால்நடைக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. பயிர் ஒரு பருவத்தில் விளைந்து முடிந்துவிடும். மாடு அப்படியல்ல. அது விளைபொருளும்தான், முதலீடும்தான். இன்று காப்பாற்றிய கன்று பால் கறக்க மூன்று ஆண்டுகள் ஆகும், அதுவரை தின்னவும் செய்யும். பயிருக்கான சூத்திரத்தில் நெல்லை எடுத்துவிட்டு மாட்டைப் போட்டால் வரும் விடையை நம்ப முடியாது.

படி 1: எதை அளக்கிறோம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்

மூன்று விஷயங்களைக் கணக்குத் தாளின் தலையில் எழுதிவிட வேண்டும். முதலாவது, ஆராய்ச்சி தொடங்கும் முன் போடும் கணக்கா, முடிந்த பின் போடுவதா? முன்கணக்கில் வெற்றி வாய்ப்பு என்று ஒரு எண் வேண்டும். பின்கணக்கில் அது வேண்டாம், ஆனால் தோற்றுப்போன ஆய்வுகளின் செலவு எங்கே என்ற கேள்வி வரும். இரண்டாவது, யாருடைய பலன்? பண்ணையாளருடையதா, பால் வாங்குபவருடையதா, மொத்தச் சமூகத்தினுடையதா? மூன்றாவது, அளக்கும் அலகு ஒரு தனித் திட்டமா, ஒரு நிறுவனத்தின் மொத்த ஆராய்ச்சியா?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தில்லுமுல்லு அதிகம். பத்துத் திட்டங்களில் ஒன்று வெற்றி பெற்றிருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பலனைக் காட்டி, செலவிலும் அந்த ஒன்றின் செலவை மட்டும் போடுவார்கள். அந்த ஒரு திட்டத்தைப் பற்றிய தகவலாக அதில் தப்பில்லை. "எங்கள் ஆராய்ச்சி முதலீடு இவ்வளவு தந்தது" என்று அதை விரித்துச் சொல்லும்போதுதான் பொய்யாகிறது. மொத்த முதலீட்டைப் பற்றிப் பேசினால், வென்ற திட்டம் மீதி ஒன்பதின் செலவையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

படி 2: "இது இல்லாமல் இருந்திருந்தால்?"

முழுக் கணக்கிலும் கனமான படி இதுதான். மற்ற எல்லாப் படிகளையும் சேர்த்தாலும் விடையை இவ்வளவு மாற்றாது என்பது என் எண்ணம்.

முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு, வித்தியாசம் ஆராய்ச்சியின் பலன் என்று கழித்துவிடுவது எளிது. அது தவறு. ஆராய்ச்சி நடக்காவிட்டாலும் சில மாற்றங்கள் வந்திருக்கும். தீவனம் மேம்பட்டிருக்கும், வேறு நிறுவனம் அதே தடுப்பூசியைக் கொண்டுவந்திருக்கும், சிறு பண்ணைகள் குறைந்து பெரிய பண்ணைகள் வந்திருக்கும். ஒப்பிட வேண்டியது நேற்றையும் இன்றையும் அல்ல. ஆராய்ச்சி நடந்த இன்றையும், நடக்காத இன்றையும்தான். இரண்டாவதை யாரும் பார்த்ததில்லை என்பதால் அதைக் கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

சில சமயம் பார்க்கவும் முடியும். கோழி ஆராய்ச்சியில் அப்படி ஒரு அருமையான சோதனை உண்டு. ஹேவன்ஸ்டைன் குழுவினர் 2003இல் வெளியிட்டது. 1957ஆம் ஆண்டு வகையைப் பிரதிபலிக்கும், இனப்பெருக்கத்துக்குச் சிறந்ததைத் தேர்வு செய்யாமலேயே காப்பாற்றி வைத்திருந்த கோழி இனத்தையும், 2001இன் வணிகக் கறிக்கோழியையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். இரண்டுக்கும் அந்தந்தக் காலத்துத் தீவனத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பழைய தீவனம் தின்ற பழைய கோழி 42 நாளில் 539 கிராம். புதிய தீவனம் தின்ற புதிய கோழி 2,672 கிராம். இந்த மாற்றத்தில் 85 முதல் 90 சதவீதம் மரபியல் தேர்வால் வந்தது, 10 முதல் 15 சதவீதம்தான் தீவனத்தால் என்று பிரித்துக் காட்டினார்கள். பழைய இனத்தை யாரோ பொறுமையாக உயிரோடு வைத்திருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. பெரும்பாலான கால்நடைகளுக்கு அந்த வசதி கிடையாது.

அது இல்லாத இடத்தில், ஆராய்ச்சி எட்டாத, ஆனால் மற்றபடி ஒத்த பகுதிகளோடு ஒப்பிடலாம். அல்லது நிபுணர்களிடம் கேட்கலாம். கேட்பதானால், ஆய்வைச் செய்தவரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஆராய்ச்சி இல்லாவிட்டால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும்" என்பது தாராளமான அனுமானம் போலத் தெரியும். சில இடங்களில் அது கஞ்சத்தனமானது. குடற்புழு நீக்க மருந்து ஐவர்மெக்டின் 1981இல் சந்தைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே ஆடுகளின் புழுக்களில் அதற்கு எதிர்ப்புத்திறன் தலைகாட்டிவிட்டது. இது போன்ற இடத்தில் ஆராய்ச்சி செய்யாவிட்டால் உற்பத்தி அதே அளவில் நிற்காது, சரியும். உற்பத்தி ஏறவே இல்லையே, பலன் பூஜ்யம்தானே என்பவருக்குச் சரிந்திருக்கக்கூடிய கோட்டைப் போட்டுக் காட்ட வேண்டும். இருப்பதைக் காப்பாற்றும் ஆராய்ச்சிக்கு மதிப்பீட்டில் எப்போதும் அநியாயம்தான் நடக்கிறது.

படி 3: ஒரு மாட்டில் என்ன மாறியது?

இதற்குப் பகுதி வரவுசெலவுக் கணக்கு போதும். நான்கு கட்டங்கள்: கூடிய வருமானம், குறைந்த செலவு, கூடிய செலவு, குறைந்த வருமானம். முதல் இரண்டையும் கூட்டி, பின் இரண்டையும் கழிக்க வேண்டும்.

கடைசிக் கட்டத்தைப் பலர் காலியாக விடுவார்கள். கன்று ஈனும் இடைவெளியை 15 மாதத்திலிருந்து 13 மாதமாகக் குறைக்கும் ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு மாட்டுக்கு 0.80 கன்று என்பது 0.92 ஆகிறது. 15 சதவீத உயர்வு. உடனே பாலும் 15 சதவீதம் கூடும் என்று எழுதிவிடக் கூடாது. இடைவெளி குறைந்தால் ஒவ்வொரு ஈற்றிலும் கறவைக் காலத்தின் வால்பகுதி வெட்டுப்படும். ஒரு ஈற்றின் பால் குறைகிறது, அதுதான் நான்காவது கட்டத்தில் வர வேண்டியது.

ஆராய்ச்சிப் பண்ணையில் கிடைத்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே தீவனம் நேரத்துக்கு வரும், தண்ணீர் எப்போதும் இருக்கும், மருத்துவர் கூப்பிட்ட குரலுக்கு வருவார். பண்ணையாளரின் கொட்டகையில் நடத்திய சோதனை எண்ணைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் குறைத்துப் போட்டு, எவ்வளவு குறைத்தீர்கள், ஏன் என்று எழுதிவையுங்கள். வீட்டிலேயே குடித்த பால், வயலுக்குப் போன சாணம், உழவுக்குப் போன உழைப்பு இவற்றுக்கும் விலை உண்டு. சந்தையில் வாங்கினால் என்ன ஆகுமோ அதுதான் விலை.

படி 4: மாட்டிலிருந்து மந்தைக்கு

கால்நடை மதிப்பீடு பயிர் மதிப்பீட்டிலிருந்து பிரியும் இடம் இது. ஒரு மாட்டுக்குக் கிடைத்த பலனை மாடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. முடியவில்லை.

கன்று இறப்பைக் குறைக்கும் தடுப்பூசி வந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் கூடுதல் கன்றுகள் பிழைக்கின்றன. அவற்றில் கிடேரிகள் வளர்ந்து, சினையாகி, ஈன்று, பால் கொடுக்கும்போது மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். ஆண் கன்றுகள் அதற்கு முன்பே விற்பனைக்குப் போகலாம். ஆக, பலன் அலை அலையாக வரும். வயதுப் பிரிவு வாரியாகக் கன்று, கிடேரி, கறவை, காளை என்று மந்தையைப் பிரித்து, ஆண்டுதோறும் பிறப்பு, இறப்பு, விற்பனை, கழிப்பு ஆகியவற்றை ஓட்டிப் பார்க்கும் மந்தை மாதிரி ஒன்று வேண்டும். இதற்கென்று டைன்மாட் போன்ற கருவிகள் இருக்கின்றன. எக்செல் தாளில் நாமே கட்டுவதும் கடினமல்ல.

அப்புறம், தீவனம். பிழைத்த கன்றுகள் எதைத் தின்னும்? மேய்ச்சல் நிலமும் பசுந்தீவனமும் ஏற்கெனவே முழுதாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தால், கூடுதல் விலங்குகள் மற்றவற்றின் பங்கைத் தின்னும். தலைக்கு உற்பத்தி குறையும். உயிர் காக்கும் தடுப்பூசியின் பலனில் ஒரு பகுதியைத் தீவனப் பற்றாக்குறை விழுங்கிவிடும். வேறு வழியும் உண்டு: பண்ணையாளர் எண்ணிக்கையைக் கூட்டாமல், பிழைத்த கன்றுகளில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விற்கலாம். அப்போது பலன் விற்பனை வருமானமாகவும் மந்தையின் தரமாகவும் வரும். இரண்டில் எது நடக்கும் என்று பண்ணையாளர்களிடம் கேட்காமல் தெரியாது.

ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மந்தையின் மதிப்பு மாறியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாடுகளை விற்று வந்த பணத்தை வருமானம் என்று போட்டுவிட்டு, மந்தை சிறுத்ததைக் கழிக்க மறந்தால், பண்ணை அழிந்துகொண்டிருக்கும்போது கணக்கு லாபம் காட்டும்.

மரபியல் ஆராய்ச்சிக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. தீவன ஆலோசனையை நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். மரபணுவில் வந்த முன்னேற்றம் வாரிசுகளில் தொடரும், ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். வேகமும் மாறக்கூடியது. ஒரு பொலிகாளையின் தரத்தை அதன் மகள்களின் பாலை அளந்து நிரூபிக்க முன்பெல்லாம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மரபணுத் தொகுதி முழுவதையும் பார்த்துத் தேர்வு செய்யும் முறையை மியூவிசென், ஹேஸ், காடர்ட் மூவரும் 2001இல் முன்வைத்தார்கள். 2009இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு அது அதிகாரபூர்வ மதிப்பீடானது. அதன் பிறகு காளைகளின் தலைமுறை இடைவெளி சுமார் ஏழு ஆண்டுகளிலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்கு இறங்கியது. இந்த ஆராய்ச்சியின் பலன் தனி மாட்டின் பாலில் தெரியாது. முன்னேற்றத்தின் வேகத்தில்தான் தெரியும்.

கூடவே வந்த தீமையையும் எழுத வேண்டும். பால் அளவுக்காகப் பல பத்தாண்டுகள் தேர்வு செய்ததில் ஹோல்ஸ்டைன் என்ற கறவை இன மாடுகளின் சினைபிடிக்கும் திறன் குறைந்தது. அமெரிக்க மதிப்பீட்டில் மகள்களின் சினைபிடிப்பு வீதம் ஒரு அளவீடாகச் சேர்ந்தது 2003இல்தான். அதற்கு முந்தைய பலன் கணக்குகளில் இந்த இழப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அவற்றை மேற்கோள் காட்டுங்கள்.

படி 5: எத்தனை பேர், எப்போது ஏற்றார்கள்?

ஏற்பு பெரும்பாலும் மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, ஒரு உச்சத்தில் நிற்கும். சாய்ந்த எஸ் வடிவம். மூன்று எண்கள் போதும்: எப்போது தொடங்கும், எவ்வளவு வேகம், உச்சம் எத்தனை சதவீதம். பின்கணக்கில் இதைக் கள ஆய்வில் எண்ணி எடுக்க வேண்டும். விநியோகித்த குப்பிகளின் எண்ணிக்கை ஏற்பு ஆகாது. குப்பி அலமாரியிலும் இருக்கலாம்.

எண்ணும்போது பண்ணையாளர்களின் எண்ணிக்கையா, விலங்குகளின் எண்ணிக்கையா என்பதைத் தெளிவாக வையுங்கள். பெரிய பண்ணைகள் முதலில் ஏற்றால், பத்து சதவீதப் பண்ணையாளர்களிடம் பாதி மாடுகள் இருக்கலாம். கைவிட்டவர்களையும் கழியுங்கள்.

படி 6: சந்தை என்ன செய்தது?

உற்பத்திச் செலவு குறைந்தால் அளிப்பு கூடும், விலை இறங்கும். நுகர்வோருக்கு லாபம். பண்ணையாளருக்குச் செலவும் குறைகிறது, விலையும் குறைகிறது, எது அதிகமோ அதைப் பொறுத்தது. பொருளியலில் இதை நுகர்வோர் உபரி, உற்பத்தியாளர் உபரி என்று பிரித்துக் கணக்கிடுவார்கள். சூத்திரங்களுக்குள் போகாமல் ஒரு குறுக்குவழி: உள்நாட்டுச் சந்தைக்குள் மட்டும் விற்கும் பொருளில், அளிப்பு நெகிழ்ச்சி (விலை ஒரு சதவீதம் மாறினால் அளிப்பு எத்தனை சதவீதம் மாறும் என்பது) 1, அதேபோல் தேவை நெகிழ்ச்சி 0.5 என்றால், மொத்தப் பலனில் மூன்றில் இரண்டு பங்கு நுகர்வோருக்கும் ஒரு பங்கு பண்ணையாளருக்கும் போகும். உலகச் சந்தை விலையை ஏற்கும் சிறிய ஏற்றுமதி நாடென்றால் கிட்டத்தட்ட முழுவதும் பண்ணையாளருக்கே.

ஏற்காத பண்ணையாளருக்குச் செலவு குறையாது, விலை மட்டும் குறையும். அவருக்கு நஷ்டம். மொத்தப் பலன் பெரியதாக இருக்கும்போதும் இது உண்மை. அறிக்கையில் இவர்களை ஒரு வரியாவது எழுதாமல் விடுவது நேர்மையல்ல.

இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. விளைச்சல் உயர்வைச் செலவுக் குறைப்பாக மாற்ற, அதை அளிப்பு நெகிழ்ச்சியால் வகுப்பது பாடப்புத்தக முறை. நெகிழ்ச்சி 0.5 என்று போட்டால் 4 சதவீத உற்பத்தி உயர்வு 8 சதவீதச் செலவுக் குறைப்பாகிவிடும். கால்நடையில் குறுகிய கால நெகிழ்ச்சி குறைவு என்பதால் எண் தானாகவே ஊதிப் பெருகும். எனக்கு எளிய வழிதான் பிடிக்கும்: புதிய செலவைப் புதிய உற்பத்தியால் வகுத்து, ஒரு லிட்டருக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு குறைந்தது என்று நேராகப் பார்ப்பது.

படி 7: செலவுப் பக்கம்

இங்கே சொல்ல அதிகமில்லை, ஆனால் விடுபடுவது அதிகம். விஞ்ஞானிகளின் சம்பளம், கட்டடமும் பண்ணையும், மேல்நிர்வாகம், விலங்குப் பராமரிப்பு, விரிவாக்கப் பணி, பண்ணையாளர் தானே செய்த புதுச் செலவு எல்லாம் வர வேண்டும். பண்ணையாளரின் செலவை மூன்றாம் படியிலேயே கழித்திருந்தால் மறுபடியும் கழிக்காதீர்கள்.

வெளியிலிருந்து வந்த அறிவுக்கு என்ன செய்வது? கிராமக் கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு வெப்பம் தாங்கும் ஐ-2 தடுப்பூசி குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவானது. அதன் மூல விதையை, அதாவது தடுப்பூசி தயாரிக்கத் தேவையான மூல வைரஸை, வளரும் நாடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். அதைத் தயாரித்துப் பரப்பிய நாடு முழுப் பலனையும் தன் ஆராய்ச்சிக் கணக்கில் எழுதினால், மூல ஆய்வின் செலவு எங்கும் வராது. உங்கள் ஆராய்ச்சி இல்லாமல் எவ்வளவு தாமதமாகியிருக்கும் என்று கேட்பதே நல்லது. அந்தத் தாமதத்தைத் தவிர்த்ததுதான் உங்கள் பங்கு.

படி 8: ஒரு கற்பனைக் கணக்கு

இனி எண்களைப் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் கற்பனை, பணமும் வெறும் அலகுதான்.

2 லட்சம் கறவை மாடுகள், தலைக்கு ஆண்டுக்கு 2,500 லிட்டர், லிட்டர் 10 அலகு. மொத்தப் பால் மதிப்பு ஆண்டுக்கு 500 கோடி. மடிநோயை வெளியே தெரியும் முன்பே கண்டறியும் மலிவான சோதனை ஒன்றை உருவாக்கும் ஆய்வு. ஏற்ற பண்ணையில் விற்கத் தகுந்த பால் 4 சதவீதம் கூடும், செலவு 1 சதவீதம் கூடும். 1.01ஐ 1.04ஆல் வகுத்தால் 0.971. லிட்டருக்குச் செலவு சுமார் 2.9 சதவீதம் குறைகிறது. செலவும் விலையும் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்வோம். உச்ச ஏற்பு 30 சதவீத மாடுகள். ஆக உச்சத்தில் ஆண்டுப் பலன் 500 × 0.029 × 0.3 = 4.35 கோடி. வெற்றி வாய்ப்பு 60 சதவீதம் என்றால் எதிர்பார்ப்பு 2.61 கோடி.

ஆய்வு முதல் ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு 60 லட்சம். ஆறாம் ஆண்டு ஏற்பு தொடங்கி, சீராக ஏறி, பதின்மூன்றாம் ஆண்டு உச்சம். அந்த எட்டு ஆண்டுகளிலும் விரிவாக்கச் செலவு ஆண்டுக்கு 20 லட்சம், ஆய்வு வென்றால் மட்டும்; எனவே இதையும் 60 சதவீதமாகவே எடுக்க வேண்டும். இருபதாம் ஆண்டோடு தொழில்நுட்பம் பழசாகிவிடும். தள்ளுபடி வீதம், அதாவது எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம், 5 சதவீதம்.

நிகழ்கால மதிப்பில் பலன் சுமார் 15.0 கோடி, செலவு 3.2 கோடி. நிகர நிகழ்கால மதிப்பு 11.8 கோடி, பயன்-செலவு விகிதம் 4.7. அழகான எண்.

இப்போது இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். நாம் செய்யாவிட்டாலும் மூன்று ஆண்டு கழித்து ஒரு தனியார் நிறுவனம் இதே சோதனையைக் கொண்டுவந்திருக்கும், அதுவும் இதே வேகத்தில் பரவியிருக்கும் என்று வையுங்கள். நம் பலன் அந்த இடைவெளி மட்டும்தான். கணக்கைத் திரும்ப ஓட்டினால் பலன் 4.7 கோடிக்கு இறங்கும். நிகர மதிப்பு 1.5 கோடி, விகிதம் 1.5. மாட்டில் எதுவும் மாறவில்லை, சந்தையில் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு அனுமானம் நிகர மதிப்பை எட்டில் ஒரு பங்காக்கிவிட்டது.

எந்த அளவுகோலைச் சொல்வது? நிகர நிகழ்கால மதிப்பையும் பயன்-செலவு விகிதத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிகர நிகழ்கால மதிப்பைப் பூஜ்யமாக்கும் தள்ளுபடி வீதமான, உள்ளார்ந்த வருவாய் வீதம் என்கிற ஐ.ஆர்.ஆர். எனக்கு நம்பிக்கை தருவதில்லை. வரும் லாபமெல்லாம் அதே வீதத்தில் மறுமுதலீடாகும் என்று அது மறைமுகமாக எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 39 சதவீதம் 50 ஆண்டுகள் தொடர்ந்தால் ஒரு ரூபாய் சுமார் 1.4 கோடி ரூபாயாகும். அப்படி எந்த ஆராய்ச்சியும் தந்ததில்லை. 39 என்பது நான் இட்டுக்கட்டியதல்ல. வேளாண் ஆராய்ச்சி மதிப்பீடுகள் நூற்றுக்கணக்கில் திரட்டி ஹர்லி, ராவ், பார்டி 2014இல் பார்த்தபோது நடுமதிப்பு அதுதான். மறுமுதலீட்டு அனுமானத்தைத் திருத்திய வீதத்தில் அதே நடுமதிப்பு 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. பத்து சதவீதமும் நல்ல வருமானம்தான்.

கால அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க வேளாண் ஆராய்ச்சிக்கு ஆல்ஸ்டன், பார்டி குழுவினர் கண்ட பலன் 50 ஆண்டு நீள்கிறது, உச்சம் 24ஆம் ஆண்டு வாக்கில். பத்தாண்டோடு கணக்கை மூடினால் அடிப்படை ஆய்வுகள் எல்லாம் நஷ்டமாகத் தெரியும். ஆனால் எவ்வளவு நீட்டலாம் என்பது நோயைப் பொறுத்தது. மாட்டு வெக்கை நோய்க்கு வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசியில் தொடங்கி, கடைசி நோய்க்கண்டறிதல் 2001இல், ஒழிப்பு அறிவிப்பு 2011இல் வந்தது. அதன்பின் தடுப்பூசிச் செலவே கிடையாது, பலனுக்கு முடிவும் கிடையாது. கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு, உயிருள்ள சதையைத் தின்னும் புழுக்களை உண்டாக்கும் திருகுப்புழு ஈயின் கதை வேறு. மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிடும் முறையால் வட அமெரிக்காவிலிருந்து துரத்தி, பனாமாவில் 2006 வாக்கில் தடுப்பு அரண் போட்டார்கள். 2023இல் அது அரணைத் தாண்டி வடக்கே நகர்ந்தது, 2024 நவம்பரில் மெக்சிகோவை எட்டியது. இங்கே பராமரிப்புச் செலவை ஒவ்வொரு ஆண்டும் போட வேண்டும், முறியடிக்கப்படும் வாய்ப்பையும்.

படி 9: பண்ணைக்கு வெளியே போன பலன்

கன்று வீச்சு நோய் (புரூசெல்லோசிஸ்) மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமல்ல, மனிதருக்கும் வருவது. மங்கோலியாவில் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி 2003இல் வெளியான ஆய்வு சமூகத்துக்கான பயன்-செலவு விகிதத்தை 3.2 என்று கண்டது. பலனின் ஒரு பகுதி சுகாதாரத் துறைக்கும், நோயாளிகளின் குடும்பங்களுக்கும் போனது. பண்ணைப் பலனை மட்டும் எண்ணியிருந்தால் படம் குறைந்திருக்கும். சுகாதாரத் துறை தன் பங்கை மட்டும் செலவாக ஏற்றால், ஊனமோ இறப்போ இன்றிக் காப்பாற்றிய ஒவ்வொரு வாழ்நாள் ஆண்டுக்கும் ஆன செலவு 19 டாலர் அளவுதான்.

மீத்தேன், நீர் மாசு, நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு, விலங்கு நலன் இவற்றுக்கு நல்ல விலை கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் பௌதிக அளவிலேயே தனி வரியாக விடுங்கள். இத்தனை டன் வாயு குறைந்தது, இத்தனை மருந்துக் குப்பி குறைந்தது என்று. தெரியாத விலையைப் பெருக்கி மொத்தத்தில் கரைத்துவிட்டால் வாசிப்பவர் பிரிக்கவே முடியாது. தலைக்கு வாயு குறைந்து விலங்குகளின் எண்ணிக்கை கூடினால் மொத்தம் கூடியும் இருக்கலாம் என்பதையும் பாருங்கள்.

படி 10: சந்தேகத்தையும் எண்ணாக்குங்கள்

ஒவ்வொரு அனுமானத்துக்கும் குறைந்தது, நடு, கூடியது என்று மூன்று எண் வைத்து, சில ஆயிரம் முறை குலுக்கி எடுத்து ஓட்டிப் பார்ப்பது மான்டி கார்லோ முறை. மென்பொருள் இருந்தால் செய்யலாம். அது அழகான வரைபடம் தரும். எனக்கு அதைவிடப் பயன்படுவது முறிவுப்புள்ளி. எந்த எண் எவ்வளவு சரிந்தால் பலன் செலவுக்குச் சமமாகும்?

மேலே போட்ட கணக்கில், தனியார் நிறுவனம் வராது என்றால் உச்ச ஏற்பு 30 சதவீதம் அல்ல, 6.4 சதவீதம் இருந்தாலே முதல் திரும்பிவிடும். மூன்று ஆண்டில் வந்துவிடும் என்றால் முறிவுப்புள்ளி 20 சதவீதத்துக்குச் சற்று மேலே ஏறிவிடுகிறது. முதல் நிலையில் ஏற்பைப் பற்றிச் சண்டை போடத் தேவையே இல்லை. இரண்டாவதில் அதைப் பற்றித்தான் பேச வேண்டும். களப்பணிக்கு ஒதுக்கிய பணத்தை எந்த எண்ணைத் துல்லியமாக்கச் செலவழிப்பது என்பதையும் இதுவே சொல்லிவிடும்.

அறிக்கையில் ஒரே எண்ணை முகப்பில் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள். போட வேண்டிய கட்டாயம் என்றால், "இல்லாவிட்டால்" அனுமானம் என்ன என்பதை அதே வரியில் சேர்த்துவிடுங்கள். அனுமானங்களின் பட்டியலும் கணக்குத் தாளும் யாரும் திறந்து மாற்றிப் பார்க்கும்படி கூடவே இருக்கட்டும். ஐந்து ஆண்டு கழித்து, ஊகித்த ஏற்பு இருந்த கட்டத்தில் எண்ணிப் பார்த்த ஏற்பைப் போட்டு, அதே தாளை மறுபடி ஓட்ட ஒருவருக்கு இப்போதே பொறுப்புக் கொடுத்து, அதற்கான பணத்தையும் ஆராய்ச்சி நிதியிலேயே ஒதுக்கிவிடுங்கள்.